ஹெட்போனுக்குப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: பார்த்து வாங்கும் முறை



பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் என்று நாம் விற்கும் சரக்கின் தரம் பார்ப்பது பற்றி அடிக்கடி பேசுகிறோம். நாம் நமக்காக வாங்கும் பொருளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், சொந்த ஆசைக்கு ஒரு பொருள் வாங்கும்போது மட்டும் விற்பவர் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறோம். பழைய ஆம்ப்ளிஃபயர் அப்படிப்பட்ட ஒரு பொருள்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நம்மில் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் வீடு. கடையைக் கட்டி, கல்லாவை எண்ணி, சிட்டை எழுதி முடிக்க இரவு பத்து மணியாகிவிடும். அதன்பிறகுதான் நமக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்நேரத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்டால் படிக்கிற பிள்ளைக்கும் தூங்குகிற பெரியவர்களுக்கும் தொந்தரவு. ஆகவே பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி, அதில் ஹெட்போன் போட்டுக் கேட்கலாம் என்று நம் வணிகர்களில் சிலர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பாடம். பணம், மின்சார ஆபத்து, காது ஆகிய மூன்றும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

நம் பக்கத்தில் கிடைக்கும் செட்டுகள்

1991-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு முன்பு வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்தன. அக்காலத்து செட்டுகள் பெரும்பாலும் சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களோடு வந்தவை. புதுச்சேரிக்கு இன்னொரு வழியும் உண்டு. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றிய சொல்தாக்களும், பிரான்சில் வாழும் நம் ஊர்க்காரர்களும் கொண்டுவந்தவை. இவை தவிர உள்நாட்டுத் தயாரிப்பாகக் கல்கத்தாவின் சோனோடைன், பம்பாயின் காஸ்மிக் போன்றவை இருந்தன. உள்ளூர் மெக்கானிக்குகள் கட்டிக்கொடுத்த அசெம்பிள் செட்டுகளுக்கோ கணக்கே இல்லை.

ஆகவே, வாங்கப் புறப்படும் முன் வீட்டுப் பரணையும் உறவினர் வீட்டுப் பரணையும் பார்ப்பது நல்லது. அதன்பிறகு புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கோ, சென்னை ரிச்சி தெருவுக்கோ போகலாம்.

பெயரை மட்டும் பார்த்து விலை கொடுக்கக் கூடாது. சான்சூய், அக்காய் போன்ற ஜப்பானியப் பெயர்கள் பிற்காலத்தில் வேறு கம்பெனிகளின் கைக்குப் போய், வேறு தரத்துச் சரக்கின் மேலும் ஒட்டப்பட்டன. முன்பக்கத்துப் பெயரை விடப் பின்பக்கத் தகடுதான் முக்கியம். மாடல் எண், தொடர் எண், மின்னழுத்தம், எந்த நாட்டில் செய்தது ஆகியவை அதில் இருக்கும். தகடு இல்லாத செட்டை அசெம்பிள் செட் என்றே கருதி அதற்குரிய விலையைத்தான் பேச வேண்டும்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம்

விற்பவர் முதலில் சொல்வது, "இது நூறு வாட் சார்" என்பதுதான். ஸ்பீக்கருக்கு வாங்குபவர் அதைக் கேட்க வேண்டும். ஹெட்போனுக்கு வாங்குபவருக்கு அதனால் பயன் மிகக் குறைவு. காரணத்தைப் பார்ப்போம்.

பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கென்று தனிச் சர்க்யூட் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து ஹெட்போன் துளைக்கு அனுப்பியிருப்பார்கள். பெரிய குழாயில் வரும் ஏரித் தண்ணீரைச் சின்ன மடை வைத்து வயலுக்கு விடுவது போல. அந்த ரெசிஸ்டர் சுமார் 200 ஓம் முதல் 500 ஓம் வரை இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரில் முழுச் சத்தத்தில் சுமார் 15.5 வோல்ட் வரும். இடையில் 330 ஓம் ரெசிஸ்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 180 மில்லிவாட் கிடைக்கும். 32 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 58 மில்லிவாட் கிடைக்கும். சாதாரணமாகக் கேட்பதற்கு ஹெட்போனுக்கு வேண்டியது சில மில்லிவாட்தான். அதாவது 30 வாட் செட்டே தேவைக்கு மேல் பல மடங்கு கொடுத்துவிடுகிறது. நூறு வாட் செட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் எடையும் கூடுதல் சூடும்தான் மிச்சம்.

1978-இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 என்ற சிறிய ஆம்ப்ளிஃபயர் வெறும் 20 வாட்தான். உலகெங்கும் பெயர் வாங்கிய செட் அது. நல்ல நிலையில் உள்ள 20 முதல் 40 வாட் செட் ஹெட்போனுக்குத் தாராளம்.

எந்த ஹெட்போன் பொருந்தும்

இந்த ரெசிஸ்டர் விஷயத்தால்தான் எல்லா ஹெட்போனும் எல்லா செட்டுக்கும் பொருந்துவதில்லை. ஹெட்போனின் ஓம் அளவு எல்லாச் சுருதியிலும் ஒன்றாக இருக்காது. பல ஹெட்போன்களில் தவில், மிருதங்கம் போன்ற கனத்த ஒலிகள் இருக்கும் இடத்தில் ஓம் ஏறும். ஓம் ஏறும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் ஏறும். 32 ஓம் ஹெட்போன் அவ்விடத்தில் 64 ஓம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 330 ஓம் செட்டில் அந்தக் கனத்த ஒலிக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு பங்கு மின்னழுத்தம் போகும். தபேலா முழங்கும், பாடகர் குரல் மங்கும். "பழைய செட்டில் பேஸ் அதிகம்" என்று சிலர் பெருமையாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையில் அது பொருத்தமின்மை.

250 ஓம், 300 ஓம் ஹெட்போன்களில் இந்த வித்தியாசம் குறைவு. பழைய காலத்து ஹெட்போன்கள் பல இப்படி அதிக ஓம் உள்ளவை. 1968-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414 என்பது 2000 ஓம். இன்றும் சென்ஹைசர், பெயர்டைனமிக் கம்பெனிகள் 250, 300 ஓம் வகைகளைச் செய்கின்றன. பிளேனார் என்ற வகை ஹெட்போனில் ஓம் அளவு எல்லா ஒலிக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், ஓம் குறைவானாலும் அதுவும் பொருந்தும். செல்போனோடு வரும் சின்ன இயர்போன் இந்த செட்டுகளுக்கு ஏற்றதல்ல. சிறிது திருப்பினாலே காதைப் பிளக்கும்; வால்யூமை நுணுக்கமாக வைக்க முடியாது.

பழைய செட்டின் ஹெட்போன் துளை பெரியது, 6.35 மில்லிமீட்டர். இன்றைய 3.5 மில்லிமீட்டர் முனைக்கு ஒரு மாற்றுமுனை வேண்டும். பிலிப்ஸ், கிரண்டிக் போன்ற ஐரோப்பிய செட்டுகளில் ஐந்து முள் கொண்ட டின் துளை இருக்கலாம். அதற்குத் தனி வயர் செய்துகொள்ள வேண்டும். பிரான்சிலிருந்து வந்த செட் வாங்குபவர்கள் இதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை

வில்லியனூர் மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். பானை வாங்குபவர் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அரிசி மண்டியில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்காமல் விலை பேசுவதில்லை. ஆம்ப்ளிஃபயருக்கும் அப்படியே. நம் ஹெட்போனையும் பாட்டுள்ள செல்போனையும் உரிய வயரையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். செட்டை ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்கக் கூடாது.

முதலாவது, மின்சாரம் கொடுக்காமல் பார்ப்பது. மூடியின் காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்க்கலாம். கருகிய இடம், துரு, கரப்பான் எச்சம், எலி கடித்த வயர் தெரியும். நம் பகுதியில் கடற்காற்று அதிகம். பின்பக்க உலோகத் துளைகளில் பச்சையும் துருவும் பிடித்திருக்கும். மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்லும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, அடியில் பிசின் போல் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டிய செலவு வரும்.

இரண்டாவது, முதல் மின்சாரம். பல வருடம் பரணில் கிடந்த செட்டை நேராகச் சுவர் பிளக்கில் செருகக் கூடாது. நம் ஊர் மெக்கானிக் எவரிடமும் சீரிஸ் பல்ப் இருக்கும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுத்தால், நல்ல செட்டில் பல்பு ஒருகணம் எரிந்து மங்கிவிடும். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. இதற்குப் பழைய இழைப் பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு உதவாது.

மூன்றாவது, டி.சி. சோதனை. செட் ஓடி ஐந்து நிமிடம் ஆனபின், ஸ்பீக்கர் எதுவும் இணைக்காமல், வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் டி.சி. மின்னழுத்தம் பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் மெக்கானிக் பார்க்காமல் அந்த செட்டில் நல்ல ஹெட்போனைச் செருகக் கூடாது.

நான்காவது, பாட்டில்லாமல் ஹெட்போனில் கேட்பது. ஸ்பீக்கரில் கேட்காத ஹம் என்ற முனகல் ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். வால்யூம் பூஜ்ஜியத்திலேயே ஹம் பலமாக இருந்தால், பெரும்பாலும் பவர் சப்ளைக் கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன என்று பொருள்.

ஐந்தாவதுதான் மிக முக்கியமானது. ஹெட்போனில் கேட்பவர் வால்யூமைக் கொஞ்சமாகத்தான் திருப்புவார். பழைய வால்யூம் கண்ட்ரோல்கள் அந்த ஆரம்ப இடத்தில்தான் மோசமாக இருக்கும். இடது காதில் சத்தம், வலது காதில் பாதி என்று வரும். ஆகவே மிகக் குறைந்த சத்தத்தில் பாட்டை வைத்து இரண்டு காதிலும் சமமாக வருகிறதா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். விற்பவர் சத்தமாக வைத்துக் காட்டினால், நாம் குறைத்துக் கேட்க வேண்டும். திருப்பும்போது வரும் கரகரப்பு, துப்புரவு திரவம் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு பக்கச் சமமின்மை அவ்வளவு எளிதில் போகாது.

பாட்டே வரவில்லையென்றால் உடனே செட் கெட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். டேப் மானிட்டர் என்ற பட்டன் அமுங்கியிருந்தால் சத்தம் வராது. செல்போன் வயரை ஆக்ஸ் அல்லது டேப் துளையில் செருக வேண்டும். ஃபோனோ என்ற துளை இசைத்தட்டுக்கு மட்டுமே. அதில் செருகினால் ஒலி சிதறும்.

மோனோ என்ற பட்டன் இருந்தால் அது ஒரு லாபம். அறுபதுகளின் தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. 1978-இல் வந்த 'பிரியா' படத்துப் பாடல்கள் போல ஸ்டீரியோவில் பதிவானவை பிறகுதான் பெருகின. பழைய இசைத்தட்டை ஹெட்போனில் கேட்கும்போது மோனோ பட்டனை அமுக்கினால் தேய்மான இரைச்சல் கொஞ்சம் அடங்கும்.

மின்சாரத்தில் கவனம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட். அமெரிக்க செட் 120 வோல்ட். பின்பக்கத்தில் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா, அது எந்த எண்ணில் நிற்கிறது என்று செருகும் முன் பார்க்க வேண்டும். 100 வோல்ட் செட்டை நம் பிளக்கில் நேராகச் செருகினால், ஃபியூஸ் காப்பாற்றினால் உண்டு. இல்லையேல் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். கடையில் விற்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் 110 வோல்ட் கொடுப்பவை. 100 வோல்ட் செட்டுக்கு அதுவே பத்து சதவீதம் கூடுதல். கிராமத்து லைனில் பின்னிரவில் வோல்டேஜ் ஏறும் இடங்களில் இன்னும் கூடும். 220, 240 வோல்ட் செட் கிடைத்தால் அதுவே நமக்கு உத்தமம்.

வயர் வெடித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். தகரப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்றால், இரண்டு முள் செட்டில் அது சகஜம் என்று விட்டுவிடக் கூடாது. ஹெட்போன் தலையில் இருக்கும் பொருள் என்பதை மறக்க வேண்டாம். வயர்மேன் பார்த்துக் கசிவு இல்லை என்று சொன்னபின்பே பயன்படுத்த வேண்டும். செட்டை அணைத்தாலும் உள்ளே கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறந்து நாமே கை வைக்கக் கூடாது. பிள்ளைகளையும் விடக் கூடாது.

அசெம்பிள் செட்டில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் ஸ்பீக்கர் முனையிலிருந்து நேரே வயர் இழுத்துத் துளை போடச் சொல்கிறார்கள். பிரிட்ஜ் முறையில் கட்டிய செட்டில் இடது, வலது இரண்டின் கழித்தல் முனைகளை ஒன்றுசேர்த்தால் ஐ.சி. போய்விடும். ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ஹெட்போன் போய்விடும். துளை இல்லாத செட்டை ஹெட்போனுக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

அடக்க விலை என்ன

நாம் சரக்குக்கு அடக்கம் போடும்போது லாரி வாடகை, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாம் சேர்ப்போம். இங்கும் அப்படியே. உதாரணத்துக்கு, கேட்ட விலை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கண்டென்சர் மாற்றிச் சுத்தம் செய்ய 2,500, ஸ்டெப்டவுன் 1,500, வயரும் மாற்றுமுனையும் 500 என்றால் அடக்கம் 10,500. இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் 6,000 என்பது சரியா என்று பேச வேண்டும். எல்லாம் மாற்றி ரசீதோடு விற்பவர் 9,000 கேட்டால் அதுவே மலிவு.

உதிரி பாகமும் ஒரு கேள்வி. தனித்தனி டிரான்சிஸ்டர் உள்ள செட்டுக்கு மாற்று பாகம் ஓரளவு கிடைக்கும். எஸ்.டி.கே. என்ற ஒரே கட்டையான ஐ.சி. உள்ள செட்டில் அது போனால் சிரமம். அசல் சரக்கு உற்பத்தியாவதில்லை. போலிகள் தாராளமாக உலவுகின்றன.

வாங்கும்போது ஒரு சீட்டு எழுதி வாங்க வேண்டும். விற்பவர் பெயர், தொலைபேசி, தேதி, மாடல் எண், தொடர் எண், ஒரு வாரத்தில் திருப்பிக்கொள்ளும் நிபந்தனை ஆகியவை அதில் இருக்கட்டும். பழைய பொருளில் களவுச் சரக்கும் கலந்து வரும். ரசீது இல்லாத கொள்முதல் நமக்கு எப்போதும் வம்பு.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இசைத்தட்டு, கேசட் என்று பழைய சேகரிப்பு எதுவும் இல்லாமல், செல்போன் பாட்டை மட்டும் ஹெட்போனில் கேட்பவருக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர் அவசியமே இல்லை. புதிய சிறு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரே சுத்தமான ஒலியைக் குறைந்த செலவில் கொடுக்கும். பழைய செட்டின் கனத்த குமிழும், மஞ்சள் விளக்கும், ஸ்பீக்கரும் ஓட்டலாம் என்ற வசதியும் பிடித்தவர்கள்தான் அதை வாங்க வேண்டும். அதற்கும் லாபத்திலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, கொள்முதல் பணத்திலிருந்து எடுக்கக் கூடாது.

வாங்கிய பின்

செட்டை மிளகாய்த் தூள், மாவு பறக்கும் இடத்திலும், மூட்டை அடுக்கின் இடுக்கிலும் வைக்கக் கூடாது. மேலும் பக்கவாட்டிலும் காற்றுப் போக இடம் வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் சுவிட்ச், ரிலே முனைகளில் களிம்பு ஏறும். மழைக்காலத்தில் வாரம் இருமுறையாவது ஓட்டுவது நல்லது. ஆன் செய்து, ரிலேயின் 'டிக்' சத்தம் வந்தபின், வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் ஹெட்போனைத் தலையில் மாட்ட வேண்டும்.

கடைசியாகக் காது. மேலே போட்ட கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். இந்த செட்டுகள் ஹெட்போனுக்குத் தேவைக்குமேல் பல மடங்கு சக்தி கொடுக்க வல்லவை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான். அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. அதற்கு எளிய சோதனை, கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் நமக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் குறைக்க வேண்டும். பாட்டு முடிந்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் அன்று கேட்டது அதிகம்.

வாடிக்கையாளர் மெதுவாகச் சொல்லும் "கால் கிலோ"வும், போனில் மண்டிக்காரர் சொல்லும் விலையும் தெளிவாகக் காதில் விழுந்தால்தான் நம் தொழில். கடை நேரத்தில் ஹெட்போன் வேண்டாம். இரவு ஒரு மணி நேரம், குறைந்த சத்தத்தில், சோதித்து வாங்கிய செட்டில் கேட்போம். கெட்டுப்போனால் செட்டை மாற்றிக்கொள்ளலாம். காதை மாற்ற முடியாது.